ஷாஃப்ட் சுடுகிறது, பிட் உடைகிறது: ஹேங்கிங் மோட்டாரை விட்டு மைக்ரோ மோட்டாருக்கு மாறலாமா?

காட்பாடி வெள்ளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் அப்பாவின் பட்டறையில் வெள்ளி வேலை செய்கிறேன். மெட்டி, கொலுசு, கல் வைத்த தோடு, மூக்குத்தி. அரம் பிடிப்பது, பொடி (ஒட்டும் உலோகம்) வைத்து ஊதுவது எல்லாம் அப்பாவிடம் கற்றதுதான். அவர் இன்றைக்கும் துளை போட வில்லும் துரப்பணமும்தான் எடுப்பார். நான்தான் மோட்டார் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, மூன்று மாதம் முன்பு ஒரு ஹேங்கிங் மோட்டார் வாங்கினேன். மேலே தொங்கும் மோட்டார், அதிலிருந்து இறங்கும் வளையும் ஷாஃப்ட்தான் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸைச் சுற்றும். நம் நாட்டுத் தயாரிப்பு. பெட்டியின் மேல் நிமிடத்துக்கு 22,000 சுற்று என்று போட்டிருந்தது. கடைக்காரரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லித்தான் விற்றார்.

வாங்கியதிலிருந்து நிம்மதி இல்லை. 0.8 மி.மீ. வெள்ளித் தகட்டில் துளை போடுகிறேன், 1 மி.மீ. டிரில் பிட் போன வாரம் மட்டும் ஏழு உடைந்தது. பத்து நிமிடம் ஓட்டினால் ஷாஃப்ட்டின் மேலுறையில் ஹேண்ட்பீஸுக்குச் சற்று மேலே ஓர் இடம் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. 2.5 மி.மீ. உருண்டை பர் (உலோகத்தைக் குடையும் பல் வைத்த முனை) ஒன்று இரண்டே நாளில் நீலம் பாய்ந்துவிட்டது, இப்போது வெட்டவில்லை, தேய்க்கிறது. பெடலைத் தொட்டதும் ஒரேயடியாகப் பாய்கிறது, மெதுவாக ஓட்டவே முடியவில்லை. ஹேண்ட்பீஸும் கையில் நடுங்குகிறது.

நான் தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன், அப்பாவின் பழைய சாய்வுப் பலகையில். மோட்டாரைப் பக்கத்துச் சன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். தரையிலிருந்து மூன்றரை அடி இருக்கும்.

பல் லேபில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, அவர்களிடம் இருக்கும் மைக்ரோ மோட்டார் (மோட்டாரே கைப்பிடிக்குள் இருக்கும் வகை) 35,000 சுற்று ஓடும், அதை வாங்கு என்கிறாள். வேறு சிலர் அமெரிக்காவின் ஃபோர்டம் கம்பெனி மோட்டார்தான் நிற்கும் என்கிறார்கள். கையில் இருக்கும் பணம் கொஞ்சம், இரண்டாவது முறை தவறக் கூடாது. அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பிட் உடையும் சத்தம் கேட்டால் வில்லை எடுத்து என் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.


லாங் பஜார் கல்கட்டி எழுதியது:

தங்கச்சி, ஆசாரி வீட்டுப் பெண் என்பதால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. நீ சொன்ன எதுவும் மோட்டாரின் பழுதாக எனக்குத் தெரியவில்லை. பெடல் மட்டும் சந்தேகம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சூடு. மோட்டாரை ஓட்டாமல், வேலை செய்யும்போது எப்படி உட்காருவாயோ அப்படி உட்கார். வலது கையில் ஹேண்ட்பீஸைப் பிடித்து வேலைக்கட்டைக்கு (பலகையில் உருப்படியைத் தாங்கும் மரத்துண்டு) கொண்டு வா. இடது கையால் மேலுறையை மோட்டாரிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வா. ஓரிடத்தில் அது சட்டென்று மடிந்து திரும்பும். நீ சுடுகிறது என்று சொன்ன இடம் அதுவாகத்தான் இருக்கும். உறைக்குள்ளே இருப்பது எஃகுக் கம்பியை முறுக்கிச் சுற்றிய சுருள். உறை பெரிய வளைவாக இருந்தால் சுருள் அதன் நடுவில் சுகமாகச் சுற்றும். மடிந்தால் சுவரை உரசும். மோட்டார் தரும் சக்தியில் ஒரு பங்கு அங்கேயே சூடாகப் போய்விடும், நடுக்கமாகவும் கைக்கு வரும். அது மட்டும் இல்லை. மடித்த உறை நிமிரப் பார்க்கும், அந்த விசை உன் கையை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். உனக்குத் தெரியாமலே ஹேண்ட்பீஸ் சாயும். 1 மி.மீ. பிட் அந்தச் சாய்வைத் தாங்காது. ஏழு பிட்டில் நாலு பிட்டாவது இதனால் போயிருக்கும்.

மூன்றரை அடி உயரத்தில் மாட்டினால் மடியாமல் என்ன செய்யும்? ஷாஃப்ட் மட்டுமே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சரியான உயரம் இப்படிப் பார்க்க வேண்டும்: நீ உட்கார்ந்திருக்கும்போது ஹேண்ட்பீஸைக் கைவிட்டால், அதன் நுனி வேலைக்கட்டையின் மட்டத்துக்கு வந்து தொங்க வேண்டும். அதை எடுத்து வேலைக்குக் கொண்டு வரும்போது உறை சோற்றுக் குண்டானின் விளிம்பு அளவுக்கு வளையலாம், அதைவிடக் குறுகக் கூடாது. தரையில் உட்காருபவர்களுக்கு மோட்டாரின் கொக்கி தரையிலிருந்து ஐந்தரை அடி கிட்ட வரும். சுவரில் ஓர் எல் ஆங்கிள் அடித்து, வலது தோளுக்குச் சற்று முன்னால் வரும்படி மாட்டு. இறுக்கிக் கட்டாதே. கை போகும் பக்கம் மோட்டார் தானாகத் திரும்ப வேண்டும். ரொம்ப உயரத்தில் மாட்டினாலும் வம்புதான், உறை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும், உள் சுருள் ஹேண்ட்பீஸிலிருந்து நழுவும்.

அடுத்தது வேகம். இதைத்தான் நான் யாரிடமும் விடாமல் சொல்வேன். கடையில் சுற்றுக் கணக்கைச் சொல்லி விற்கிறார்கள், நமக்கு வேண்டியது மெதுவாகச் சுற்றும்போதும் நின்றுபோகாமல் இழுக்கும் சக்தி. தொங்கும் மோட்டார் மிக்சியில் இருப்பது போன்ற மோட்டார்தான். சும்மா ஓடும்போது கத்தும், சட்னி கெட்டியானால் குரல் இறங்கும். பெட்டியில் போட்ட 22,000 ஒன்றையும் வெட்டாமல் காற்றில் சுற்றும் கணக்கு. அதில் கால் பங்குக்கு மேல் கல் கட்டும் வேலைக்கு நான் போவதே இல்லை.

உன் பர் நீலமானதற்கும் இதுதான் காரணம். கணக்குப் போட்டுப் பார். 2.5 மி.மீ. பர் 20,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 157 மீட்டர் ஓடுகிறது. அதே பர் 5,000ல் ஓடினால் 39 மீட்டர்தான். பர் பெரிதாக ஆக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். எஃகு ஏறக்குறைய 300 டிகிரிச் சூட்டில் நீலமாகும். சாதாரண எஃகு பர் அந்தச் சூடு கண்டால் பதம் போய்விடும், மறுபடி வராது. அந்தப் பர்ரைத் தனியாக எடுத்து வை, மெழுகு வேலைக்கு உதவும். கார்பைடு பர் சூட்டைத் தாங்கும் என்று அதற்கு ஓடாதே. லேசாகத் திருகினாலும் பல் உதிரும், கை பழகாத வரைக்கும் வேண்டாம்.

துளை போடுவதற்கு: சென்டர் பஞ்சால் ஒரு குழி வைத்துக்கொள். பிட்டைச் சக்குக்குள் (பிட்டைக் கவ்வும் வாய்) நன்றாக உள்ளே தள்ளி, வெளியே தெரியும் நீளத்தைக் குறை. சக் சாவியை மூன்று துளையிலும் போட்டு முறுக்கு, ஒன்றில் மட்டும் முறுக்கினால் பிட் கோணலாக உட்காரும். தேன்மெழுகுக் கட்டியில் பிட்டை ஓடவிட்டு எடுத்து, அப்புறம் வெள்ளியில் வை. அடிக்கடி தூக்கித் தூளை வெளியே விடு. வெள்ளி ஒட்டும் உலோகம், தூள் பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். பிட் பெரும்பாலும் உடைவது மறுபக்கம் திறக்கும் அந்த நொடியில். தகட்டுக்கு அடியில் மரக்கட்டை இருந்தால் பிட் மரத்துக்குள் போகும், கவ்வாது. நீ தகட்டைக் கையில் தூக்கிப் பிடித்துத் துளைக்கிறாய் என்று நினைக்கிறேன். சரியா?

பெடல். உட்கார்ந்தபடி குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பக்கத்தால் மட்டும் அமுக்கிப் பார். குதிகால் அந்தரத்தில் இருந்தால் எந்தப் பெடலும் பாயத்தான் செய்யும். தரையில் சம்மணம் போட்டு உட்காருபவர்களுக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும். நான் இடது காலை மடக்கி, வலது முழங்காலைப் பாதி நிமிர்த்தி உட்காருவேன். பெடல் சிமென்ட் தரையில் வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறேன். இப்படியும் பாய்ந்தால் பெடல்தான் மோசம். சக்கில் பர் மாட்டி, அது சுற்றுவதைக் கண்ணால் எண்ணும் அளவுக்கு மெதுவாகத் தொடங்க முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் பெடலை மட்டும் மாற்றலாம், மோட்டாரின் மின் அளவுக்குப் பொருந்துமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு வாங்கு.


ஆரணி செதுக்கு எழுதியது:

அண்ணன் சொன்ன உயரக் கணக்கு அப்படியே சரி. ஆனால் மைக்ரோ மோட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் நான்கு வருடமாக அதில்தான் வேலை செய்கிறேன், நானும் தரையில் உட்காருபவன்தான்.

தரைக்காரர்களுக்கு அதில் ஒரு பெரிய வசதி உண்டு. பெட்டியில் இருக்கும் திருகை ஓரளவில் வைத்துவிட்டால் அதே வேகத்தில் நிற்கும். காலுக்கு வேலையே இல்லை, வேண்டுமென்றால் ஆன் ஆஃப் பெடல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஷாஃப்ட் இல்லாததால் கையைப் பின்னால் இழுக்க ஒன்றும் இல்லை. மூக்குத்தி, பேசரி மாதிரி சின்ன உருப்படியில் கோடு செதுக்கும்போது அந்தச் சுதந்திரம் ரொம்ப நன்றாக இருக்கும்.

குறை என்னவென்றால் மோட்டாரே ஹேண்ட்பீஸுக்குள் இருக்கிறது. கைக்குக் கனம். கத்திரி வெயில் நாளில் மதியம் ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கையில் வெந்நீர் டம்ளரைப் பிடித்த மாதிரி இருக்கும், நான் இரண்டு மணிக்கு நிறுத்திவிட்டு மாலையில்தான் தொடுவேன். அழுத்தி ராவக் கூடாது, அழுத்தினால் உள்ளே சூடாகி பேரிங் போகும். போனால் செலவு. தடித்த வார்ப்பு உருப்படியின் கால் (உருக்கிய உலோகம் உள்ளே ஓடிய தண்டு) வெட்டுவது, பெரிய ஃபெல்ட் (கம்பளிச் சக்கரம்) போட்டுப் பளபளப்பு ஏற்றுவது எல்லாம் அதன் வேலை இல்லை.

அப்புறம் பர் வாங்கும்போது காம்பின் அளவைப் பார்த்து வாங்குங்கள். மைக்ரோ மோட்டாருக்குப் பெரும்பாலும் 2.35 மி.மீ. காம்புதான். நகைக்கடைச் சாமானிலும் அதே அளவு, பல் லேபின் நீளக் காம்பு பர்ரும் அதே அளவு. பல் டாக்டர் வாய்க்குள் விடும் காற்று டர்பைன் பர் 1.6 மி.மீ., அது நிற்காது. ஒருமுறை வேலூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு டப்பா அள்ளிக்கொண்டு வந்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறேன். டிரெமல் கைக்கருவிச் சாமான்களின் காம்பு 3.2 மி.மீ., அதுவும் நுழையாது. உங்கள் தொங்கும் மோட்டாரில் சாவி போட்டு முறுக்கும் சக் இருந்தால் இந்த மூன்றும் பிடிக்கும், அது அதன் பலம்.

35,000 சுற்றைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். என் திருகு 12,000ஐத் தாண்டிப் போனதே அபூர்வம்.


லாங் பஜார் கல்கட்டி எழுதியது:

தம்பி ஆரணி சொன்ன திருகு விஷயம் நியாயம். கால் பழகாதவர்களுக்கு அது உதவும், நான் அதை நினைக்கவில்லை. ஆனால் தங்கச்சி, கால் பழகிவிட்டால் அதற்கு ஈடு இல்லை. கல்லுக்குக் குழி வெட்டும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மூக்குத்திக்கு 2.5 மி.மீ. கல் என்று வை. அதே அளவு செட்டிங் பர், இல்லையென்றால் ஒரு மயிரிழை குறைவான பர். கொஞ்சம் தேன்மெழுகு. கூட்டின் (கல் உட்காரும் இடம்) வாயில் பர்ரை நேராக நிறுத்திவிட்டு, அப்புறம்தான் பெடல். முதல் சுற்று வெள்ளியைத் தொடும்போது ஒரு கரகரப்பு விரலுக்கு வரும். பெடலைக் கூட்டாமல் அப்படியே இரு. விளிம்பில் வெள்ளி சின்னச் சுருளாக எழும்பி வந்தால் வேகமும் அழுத்தமும் சரி. மாவாகப் பறந்தால் வேகம் அதிகம், அல்லது பர் மழுங்கிவிட்டது. ஆழம் கிட்ட வரும்போது கால் தானாகத் தளர வேண்டும். கடைசி இரண்டு மூன்று சுற்று ஏறக்குறைய நின்று நின்று சுற்றும், குழியின் அடி கண்ணாடி போல வரும். மெழுகுக் குச்சியில் கல்லை ஒட்டி வைத்துப் பார், ஆடக் கூடாது. ஆடினால் மறுபடி மெழுகு, மறுபடி ஒரு சுற்று. கால் (கல்லைப் பிடிக்கும் கம்பி) வைத்த கூடாக இருந்தால் ஒவ்வொரு காலிலும் அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே, கல்லின் மேல் மடக்கும்போது ஒடியும். இந்த "கால் தானாகத் தளர்வது" திருகில் வராது. அதனால்தான் நான் ஷாஃப்ட்டை விடவில்லை.

ஃபோர்டம் கேட்டாய். 1922லிருந்து இருக்கும் கம்பெனி, நல்ல சாமான். ஆனால் அவர்களிடமே எதை வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர்களின் எஸ்.ஆர். மோட்டார் 18,000 சுற்று, டி.எக்ஸ். 15,000தான், ஆனால் டி.எக்ஸ். இரண்டில் பலமானது. எல்.எக்ஸ். என்று ஒன்று வெறும் 5,000 சுற்று, மெதுவான வேகத்தில் இழுக்கும்படி செய்தது, கல் கட்டுபவர்கள் விரும்புவது. சுற்று குறையக் குறைய வேலைக்கு நெருங்கி வருவதைப் பார். இன்னொன்று, அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டு வருகிறேன் என்றால் வோல்டேஜைக் கேள். அங்கே 115 வோல்ட், இங்கே 230. எனக்குத் தெரிந்த ஒருவர் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரே பிளக்கில் சொருகினார். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை.

எது வாங்கினாலும் கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளித் துண்டு, 1 மி.மீ. பிட், தேன்மெழுகு மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போ. ஓட்டிக் காட்டச் சொல்லி, மெதுவான வேகத்தில் நீயே ஒரு துளை போடு. திணறி நின்றால் வைத்துவிட்டு வந்துவிடு.

கடைசியாக ஒன்று, இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. 1994ல் நான் வேலைக்குச் சேர்ந்தேன், அப்போது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். எனக்குப் பதினேழு வயது. சேர்ந்த முதல் வருடம் ஒரு சங்கிலியை இடது கையில் பிடித்துக்கொண்டு, மோட்டாரில் பிரஷ் போட்டுப் பளபளப்பு ஏற்றினேன். சங்கிலியின் நுனி பிரஷ்ஷில் சிக்கியது. கண் இமைப்பதற்குள் முழுச் சங்கிலியும் ஹேண்ட்பீஸில் சுற்றிக்கொண்டு, ஆட்காட்டி விரலையும் சேர்த்து இழுத்தது. பயத்தில் காலை எடுக்க மறந்து இன்னும் அமுக்கிவிட்டேன். விரலில் அந்தச் சங்கிலியின் வளையம் வளையமாகத் தழும்பு இன்றும் இருக்கிறது. சங்கிலியை ஒரு கட்டையில் சுற்றி, நுனிகளை ஆணியில் மாட்டிவிட்டு மட்டும் பிரஷ் போடு. கொலுசு செய்கிறவள் நீ, அதனால் சொல்கிறேன்.


சத்துவாச்சாரி பாலிஷ் எழுதியது:

சங்கிலி விஷயத்தை அண்ணன் எழுதியது நல்லதாகப் போயிற்று. பெண் பிள்ளைக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள், துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டு உட்கார். கையுறை போடாதே, துணி சுற்றிக்கொண்டால் விரலையும் இழுக்கும். கண்ணாடி இல்லாமல் பிரஷ்ஷைத் தொடாதே. கம்பி பிரஷ்ஷின் ரோமம் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். வெட்டும் தட்டு உடைந்தால் அதைவிட மோசம். எமரி (தேய்க்கும் தாள்) போடும்போது மாஸ்க்.

தூளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அரம் போட்டால் அரப்பொடி நேரே மடியில் விழும். மோட்டார் அப்படி இல்லை, நாலு பக்கமும் வீசும். ஆம்பூரில் ஷூ தோல் வெட்டு மிச்சம் எடைக்குக் கிடைக்கும், மென்மையான பெரிய துண்டாகப் பார்த்து வாங்கி வந்து பலகைக்கு அடியில் மடிவரைக்கும் தொங்கும்படி கட்டினேன். அதன் பிறகு வாரக் கடைசியில் துடைத்து எடுக்கும் தூள் கண்ணால் பார்க்கும்படி கூடியது. வெள்ளிக்குத் தனி பிரஷ், தங்கத்துக்குத் தனி பிரஷ் வைத்துக்கொள். 916 தங்கத்தில் வெள்ளிப் பொடி போனாலும் குறை, எமரித் தூள் கலந்தாலும் உருக்கும்போது தொல்லை. பர்ரின் உடைந்த பல் அரப்பொடியில் கிடந்தால் தெரியாது, உருக்கும் முன் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றித் தூளின் மேல் ஓட்டி எடு.


காட்பாடி வெள்ளி எழுதியது:

அண்ணன்கள், அக்கா, எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மடிகிற இடத்தைத் தடவிப் பார்த்தேன். அண்ணன் சொன்ன மாதிரியே ஹேண்ட்பீஸுக்கு ஒரு சாண் மேலே கழுத்து முறிந்தது போல் திரும்பியிருந்தது. எல் ஆங்கிள் அடித்து ஐந்தடி ஆறு அங்குலத்தில் மாட்டினேன். அன்று மாலையே சூடு போய்விட்டது, அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் உறை வெதுவெதுப்புதான். நடுக்கமும் பாதிக்கு மேல் குறைந்தது.

தகட்டைக் கையில் தூக்கிப் பிடித்துத்தான் துளைத்துக்கொண்டிருந்தேன், அதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். இப்போது கட்டையின் மேல் வைத்து, மெழுகு போட்டுத் துளைக்கிறேன். ஒரே பிட்டில் நாற்பத்து மூன்று துளை ஆகிவிட்டது, இன்னும் உடையவில்லை. மெழுகு எங்கே கிடைக்கும் என்று அப்பாவிடம் கேட்டதும் துரப்பணப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதன் மூலையில் கறுத்துப்போன தேன்மெழுகு உருண்டை, நடுவில் ஊசி போன தடம் தடமாக. அத்தனை வருடமாக அவர் துளை போடும் முன் பெட்டிக்குள் கையை விட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டதே இல்லை. "மோட்டாருக்கு இது வேண்டாம் என்று நினைத்தேன்" என்றார். அந்த உருண்டையை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன்.

பெடல் சரியாகவில்லை. குதிகாலை ஊன்றினேன், டியூப் ஒட்டினேன், அப்படியும் நின்ற நிலையிலிருந்து ஒரே தாவல்தான். எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டு மாற்றிவிடு என்கிறார். அதை மட்டும் வாங்கப் போகிறேன், மைக்ரோ மோட்டார் பிறகு பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். உள் சுருளுக்கு எண்ணெய் விட வேண்டுமா? வாங்கியதிலிருந்து ஒன்றும் செய்யவில்லை. மோட்டாரின் பின்பக்க ஓட்டை வழியாக நீலமாகப் பொறி தெரிகிறது, அது பரவாயில்லையா?


லாங் பஜார் கல்கட்டி எழுதியது:

நாற்பத்து மூன்று துளை என்று படித்ததும் மனசு நிறைந்தது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

எண்ணெய் விடாதே. தையல் மெஷின் எண்ணெய் ஓடி ஹேண்ட்பீஸுக்குள் இறங்கும், உன் கையெல்லாம் கறுப்பாகும். கிரீஸ்தான். 50 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை போட்டால் போதும், உனக்கு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள். பிளக்கைப் பிடுங்கிவிடு. ஹேண்ட்பீஸை நேராக இழுத்தால் கழன்று வரும். மேலுறையை மோட்டார் பக்கத்துத் திருகைத் தளர்த்தி உருவு. உள்ளே இருக்கும் சுருளைப் பழைய லுங்கித் துணியால் அழுத்தித் துடை, மூன்று மாதக் கறுப்பு வரும். வந்துகொண்டே இருக்கும், துணி வெளுப்பாக வரும்வரை துடை. துடைக்கும்போதே விரலால் தடவிப் பார், எங்கேயாவது ஓர் இழை தூக்கிக்கொண்டு குத்தினால் அந்தச் சுருளை மாற்ற வேண்டும். நீ இத்தனை நாள் மடித்து ஓட்டிய இடத்தைக் கூடுதலாகப் பார். அப்புறம் விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து, நீளம் முழுக்க பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசு. கட்டி கட்டியாக அப்பினால் அதுவே சூடாக்கும்.

பொறி கொஞ்சம் இருக்கும், அது கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு). லேசான நீலம் என்றால் பயம் இல்லை. வட்டமாக நெருப்பு போலச் சுற்றினாலோ, மோட்டார் விட்டு விட்டு ஓடினாலோ பக்கவாட்டு மூடியைத் திருகி பிரஷ்ஷை வெளியே எடு. கால் அங்குலத்துக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்று, ஒன்றை மட்டும் மாற்றாதே. எடுத்த பிரஷ்ஷைத் திரும்பப் போடுவதாக இருந்தால் எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே போடு, அதன் முனை மோட்டாரின் வளைவுக்குத் தேய்ந்து பழகியிருக்கும்.

உறையைத் திரும்ப மாட்டியதும் ஹேண்ட்பீஸைச் சொருகுவதற்கு முன், உறையின் வாயிலிருந்து சுருளின் நுனி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அள. என்னுடையதில் முக்கால் அங்குலம் வைத்திருக்கிறேன். அதைவிடக் குறைந்தால் சுருள் சுற்றும், பர் சுற்றாது. பார்த்துவிட்டு அளவை எழுது, படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.